டேப்லெட்டில் கதை: வாயில் வருவது நோட்டில் வரமாட்டேன் என்கிறது

பெரம்பூர்_டீச்சர்:
மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 28 பிள்ளைகள், டேப்லெட் ஆறே ஆறு. கதை சொல்லச் சொன்னால் வாய் ஓயாதவர்கள், நோட்டைத் திறந்ததும் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்’ என்று எழுதிவிட்டு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சரி, கதைப் புத்தகம் செய்கிற ஆப் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம் என்று போன வாரம் கொடுத்தேன். நாற்பது நிமிடத்தில் முக்கால்வாசி அட்டைக்கு நிறம் மாற்றுவதிலேயே போயிற்று. யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறீர்களா?

மடிப்பாக்கம்_வாத்தியார்:
அட்டையைக் கடைசி நாள் கொடுங்கள் டீச்சர், அதுவரை அந்தப் பக்கமே போகக் கூடாது. நான் புக் கிரியேட்டர் என்கிற ஆப்பில் செய்வது இதுதான்: காகிதத்தில் நாலு படம் வரையச் சொல்லி, அதை போட்டோ எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, பையன் தன் குரலிலேயே கதையைப் பதிவு செய்வான். பிறகு போட்டுக் கேட்பான். இந்தக் கேட்கிற வேலைக்குத்தான் டேப்லெட், மற்றதெல்லாம் மேல்பூச்சு. ஒரு பையன் 2023 மிக்ஜாம் புயல் கதை சொன்னான். ‘தண்ணி வந்துச்சு, அப்புறம் மாடிக்குப் போனோம், அப்புறம் தண்ணி போச்சு.’ போட்டுக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவன், ‘டேய், உங்க பூனை என்னாச்சுடா?’ என்றான். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்தான், இந்த முறை பூனை பிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, இறங்க மாட்டேன் என்று அப்பா கையைப் பிறாண்டியது. அதன் பிறகுதான் நோட்டு. ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

வேளச்சேரி_அம்மா:
என் மகள் கீபோர்டில் உள்ள மைக்கை அழுத்திப் பேசிவிட்டு, ‘எழுதியாச்சும்மா’ என்று ஓடிவிடுகிறாள். பார்த்தால் ‘மழை’ சில இடத்தில் ‘மலை’ ஆகிவிடுகிறது, ‘வந்துச்சு போச்சு’ எல்லாம் அப்படியே இருக்கிறது. திருத்தினால் முகம் சுருங்கிவிடுகிறது. என்ன செய்ய சார்?

மடிப்பாக்கம்_வாத்தியார்:
மேடம், இந்த வயதில் அந்த மைக் வேண்டாம், கையால் எழுதட்டும். ‘வந்துச்சு’வை மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். கதையில் பாட்டி பேசினால் பாட்டி மாதிரியே பேசட்டும், கதை சொல்கிற வரிகளில் ‘வந்தது’ என்று எழுதட்டும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், நாம்தான் வருஷக்கணக்கில் குழப்புகிறோம்.

கோடம்பாக்கம்_லைப்ரரி:
சின்னவர்களுக்கு ஸ்கிராட்ச்ஜூனியர் பாருங்கள், படங்களை அசைய வைத்துக் கதை செய்கிற ஆப். 5 முதல் 7 வயதுக்காக 2014இல் வந்தது, இலவசம், குரலும் பதியலாம். ஒரு கதைக்கு நாலு பக்கம்தான் விடும், அதனால் இழுத்துக்கொண்டே போக முடியாது. படம் வரைய வராத பிள்ளைகளுக்கு பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளும் படங்களும் கிடைக்கும். திறந்த உரிமம், பெயரைக் குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரம்பூர்_டீச்சர்:
நன்றி சார், நன்றி எல்லோருக்கும். ஒரே சந்தேகம், ஆறு பேர் ஒரே அறையில் பதிவு செய்தால் ஒருத்தர் கதையில் இன்னொருத்தர் ராஜா வந்துவிட மாட்டாரா?

மடிப்பாக்கம்_வாத்தியார்:
வருவார்! மாடிப்படிக்கு அனுப்புங்கள், படிக்கு ஒருத்தராக. மதிய உணவு மணிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாக் கதையிலும் தட்டுச் சத்தம்தான் கேட்கும்.