ஓரா முள் குத்திவிட்டது, மீனைச் சாப்பிடலாமா?

திருமங்கலத்துப் பெண்:
காலையில் மதுரை கரிமேடு மீன் சந்தையில் அரைக் கிலோ மீன் வாங்கினோம். சாம்பலும் பச்சையும் கலந்த உடம்பு, மேலெல்லாம் வெளிர் புள்ளி, முயலுக்கு இருப்பதுபோல் சின்ன வாய். ‘ஓரா, ராமேஸ்வரம் சரக்கு’ என்றார் கடைக்காரர். கழுவும்போது அம்மாவின் கட்டைவிரலில் முள் ஏறி, இப்போது மணிக்கட்டு வரை கடுக்கிறது. விஷ மீனா? குழம்பு வைக்கலாமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. கொச்சியில் இருந்தபோது கிளிமீன் என்று இளஞ்சிவப்பு மீன் சாப்பிட்டிருக்கிறேன். இங்கே கேட்டால் அலகு வைத்த பச்சை மீனைக் காட்டுகிறார்கள்.

பாம்பன் அக்கா:
தங்கச்சி, முதலில் அம்மா கையை வெந்நீரில் வை. பொறுக்கிற சூடு போதும், வெந்துவிடக் கூடாது. அரை மணி நேரமாவது இருக்கட்டும். ஓரா விஷம் சூட்டில் முறியும். வீக்கம் ஏறிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம். முதுகில் 13 முள், அடியில் பின்பக்கம் 7, வயிற்றுத் துடுப்பிலும் உண்டு. நான் பிறந்தது பாம்பன், வாக்கப்பட்டது செல்லூர். எங்கள் அப்பா எல்லா முள்ளையும் கத்திரிக்கோலால் நறுக்கிப் போட்ட பிறகுதான் ஓராவைப் பிள்ளைகள் கையில் தருவார். குடலைக் கிழிக்காமல் முழுசாக உருவி எடு. பாசியும் கடற்புல்லும் தின்கிற மீன், குடல் உடைந்தால் அந்த வாடை குழம்பு வரை வரும்.

மாட்டுத்தாவணி தம்பி:
கொச்சிக் கிளிமீனைத்தான் சென்னையில் சங்கரா என்று விற்கிறார்கள். அது சேற்றுத் தரை, மணல் தரை மீன்.

பாம்பன் அக்கா:
சரியாகச் சொன்னாய் தம்பி. எங்கள் ஊர்க் கிளிமீன் பார் மீன். பார் என்றால் பவளப்பாறை; தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி இருக்கிறதே, அதுதான். பல்லெல்லாம் ஒட்டி அலகாகிப் போன மீன். பாசிக்காகப் பாரைச் சுரண்டும், கல்லும் சேர்ந்து உள்ளே போகும், பின்னால் வெள்ளை மணலாகக் கொட்டும். இரண்டு ஊர்ப் பெயரும் சரிதான், மீன்தான் வேறு. அதனால் பெயரைக் கேட்டு வாங்காதே, வாயைத் திறந்து பார்த்து வாங்கு. விளைமீன், கலவா, செப்பிலி எல்லாம் அதே பார் மீன்கள்தான். ஆனால் ருசியில் எனக்கு ஓராவுக்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

திருமங்கலத்துப் பெண்:
கடுப்பு குறைந்துவிட்டது அக்கா. முதுகு முள்ளை நறுக்கி எண்ணினேன், 13 சரி. அதற்கு முன்னால் தோலுக்குள் இன்னொரு சின்ன முள், தலைப்பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது. அம்மா இடது கையால் புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள்.