ஆழமான சிங்க் மாற்றியவர்கள், கழிவுக் குழாயை என்ன செய்தீர்கள்?

ஒயிட்ஃபீல்டு வாசி:

அம்மா ஊரிலிருந்து எங்களோடு பெங்களூருக்கே வந்துவிட்டார். இட்லிக் குண்டான், பெரிய குக்கர், வெண்கலப் பானை என்று கழுவும் பாத்திரமும் பெருத்துவிட்டது. பழைய சிங்க் 7 அங்குல ஆழம்தான். குண்டானைச் சாய்த்தாலே மேடை முழுக்கத் தெறிக்கும். அதனால் 10 அங்குல ஆழத்தில், கிரானைட்டுக்கு அடியில் பொருத்தும் சிங்க் ஒன்றைப் பார்த்து வைத்தோம்.

கடையில் நீளம், அகலம் இரண்டை மட்டும்தான் கேட்டார்கள். நல்லவேளையாக, பணம் கட்டுவதற்கு முன் பிளம்பரை வரச் சொல்லியிருந்தோம். ஒடிசாவின் கேந்திராபாடா பக்கத்துக்காரர். நாடு முழுக்கப் பிளம்பர்களை அனுப்பிக்கொண்டிருக்கும் மாவட்டம் அது. மனிதர் சிங்க்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. கீழ்க் கதவைத் திறந்து, சுவருக்குள் குழாய் நுழையும் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தார். 19 அங்குலம்.

அவர் போட்ட கணக்கு இதுதான். மேடை உயரம் 34. கிரானைட் முக்கால், தொட்டி 10 போனால் 23 சொச்சம். சிங்க்கின் ஓட்டையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங் மூன்றரை எடுத்துக்கொள்ளும். அதன் கீழே பாட்டில் ட்ராப், அதாவது சாக்கடை நாற்றம் மேலே வராதபடி கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைக்கும் குப்பி. அதிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய், கப்ளிங் முடியும் இடத்துக்கும் மூன்று அங்குலம் கீழே. ஆக, தண்ணீர் 17-க்கும் கீழே வந்துவிடுகிறது. அங்கிருந்து 19-க்கு ஏறியாக வேண்டும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. சிங்க் காலியாகத்தான் செய்யும், ஏனென்றால் தொட்டியின் அடி 23-இல் இருக்கிறது. முதல் நாள் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் 19 அங்குல மட்டம் வரை ட்ராப்புக்கு மேலேயும் சுவருக்குப் போகும் குழாயிலும் அழுக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அங்கேதான் படியும். அப்புறம் நாற்றம், அடைப்பு.

நெளிவு ஹோஸ் போட்டு மேலே வளைத்துவிட்டால் அரை மணி நேர வேலை, சுவரைக் கொத்தினால் தூசும் செலவும் என்று இரண்டையும் சொன்னார். கொத்தவே சொல்லிவிட்டோம். அந்த ஹோஸின் ஒவ்வொரு மடிப்பிலும் பிசுக்கு தங்கும், நடுவில் தொய்ந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கும். எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று!

எங்கள் வீட்டில் குழாய் சுவருக்குள் நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் டைல்ஸைக் கழற்றி, 14 அங்குல உயரத்தில் வெட்டிப் புது வாய் வைக்க முடிந்தது. பழைய வாயை மூடிவிட்டார். படுக்கைவாட்டில் போகும் துண்டுக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், ரசமட்டம் வைத்துப் பார்த்தார். சால்வென்ட் (குழாய் ஒட்டும் பசை) போட்டு ஒட்டியதை ராத்திரி முழுக்கக் காயவிட்டார். மறுநாள் சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி, மூடியைச் சட்டென்று எடுத்து, மூட்டுகளுக்குக் கீழே செய்தித்தாள் விரித்தோம். ட்ராப்பின் நட்டுக்கு நேர் கீழே மட்டும் ஒரு சொட்டு ஈரம். உள்ளே ரப்பர் வாஷர் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. சரிவான பக்கம் மூட்டைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டதும் நின்றது.

வாங்குவதற்கு முன் அந்தச் சுவர் வாயின் உயரத்தை அளந்துவிடுங்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

ஜெயநகர் வாசி:

எங்களுக்கு இந்த வழி கிடைக்கவில்லை. குழாய் சுவரைக் குறுக்கே துளைத்து நேராக டக்ட்டுக்கு, அதாவது எல்லா மாடிக் குழாய்களும் இறங்கும் சந்துக்குப் போகிறது. வாயை இறக்கினால் டக்ட்டில் நிற்கும் பொதுக் குழாயையும் வெட்ட வேண்டும். மேல் மாடிக்காரர்கள் தண்ணீரெல்லாம் அதில்தான் வருகிறது, குடியிருப்போர் சங்கம் சம்மதிக்கவில்லை. அது நியாயம்தான். அதனால் 8 அங்குல சிங்க்கை, மேலிருந்து பொருத்தும் வகையில் வாங்கினோம். கிரானைட்டின் முக்கால் அங்குலமும் மிச்சமாயிற்று. வடிகால் ஓட்டை பின் மூலையில் இருக்கும் மாடல். உயரத்துக்கு அது பெரிதாக உதவாது, ஆனால் கீழே சிலிண்டர் வைக்க இடம் கிடைத்தது.

அல்சூர்க்காரர்:

பழைய தனி வீடு எங்களுடையது. சிங்க் தண்ணீர் தரையில் உள்ள ட்ராப்பில் விழும், அதனால் ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை. இறங்கும் குழாயைக் கொஞ்சம் வெட்டினால் போதும். ஆனால் வேலைக்கு வந்தவர் சிங்க்குக்குக் கீழே பாட்டில் ட்ராப்பும் சேர்த்து மாட்டிவிட்டார். இரண்டு ட்ராப்புக்கும் நடுவே காற்று மாட்டிக்கொண்டு குளக் குளக்கென்று சத்தம், தண்ணீரும் மெதுவாக இறங்கியது. மேலே இருந்ததைக் கழற்றி நேர்க் குழாய் போட்டதும் சரியாகிவிட்டது. குழாய் தரைக்குள் நுழையும் இடைவெளியை மட்டும் அடைத்துவிடுங்கள், கரப்பான் அங்கிருந்துதான் வரும்.

ஒயிட்ஃபீல்டு வாசி:

ஜெயநகர் நண்பருக்கு: உணவுக் கழிவை அரைக்கும் மெஷின் பிற்பாடு வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள். அது வந்தால் தண்ணீர் வெளியேறும் இடம் இன்னும் பல அங்குலம் கீழே போகும். டக்ட்டைத் தொட முடியாத வீட்டில் அதை நான் வைக்கவே மாட்டேன்.