ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு வாய்ப்பேச்சா விலை பேசியாச்சு, வியாபாரி வெட்ட வரலை. என்ன செய்ய?

களக்காட்டான்:
1,000 ஏத்தன் வாழை. கிலோ 32 ரூபாய்னு பேச்சு. முன்பணம் 30,000 ஜிபேயில வந்துட்டு, வெட்டுற தேதி வாட்ஸ்அப்ல இருக்கு. இப்போ விலை 22. ஆளு போனை எடுக்க மாட்டேங்காரு. பத்திரம் எழுதலை. வேற ஆளுக்கு வெட்டிக் கொடுக்கலாமா?

பாளை வக்கீல்:
பத்திரம் இல்லாட்டாலும் செல்லும் அண்ணாச்சி. 1872 ஒப்பந்தச் சட்டம் 10-வது பிரிவுப்படி 18 வயசு முடிஞ்ச, புத்தி சுவாதீனமுள்ள ரெண்டு பேர், மனசார சம்மதம், கைமாறு (பதிலுக்குக் கொடுக்கது, இங்க பணம்), சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம் இருந்தாப் போதும். (நிலம்னா வேற. தமிழ்நாட்டுல கிரைய அக்ரிமெண்டையே பதியணும்.) சிக்கல் நிரூபிக்கிறதுலதான். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீங்க, போனையும் மாத்தாதீங்க. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினா கோர்ட் ஏத்துக்கிடாது, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்துத் தரணும்.

இன்னைக்கே கொடுத்ததுக்கு அத்தாட்சியோட ஸ்பீட் போஸ்ட், கூடவே வாட்ஸ்அப்: "இன்ன தேதிக்குள்ள வெட்டலைன்னா வேற ஆளுக்கு வித்து நஷ்டத்தை உங்ககிட்ட கேப்பேன்." அழுகுற சரக்குக்கு 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 54-வது பிரிவுல நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனா அனுப்பினா வாயடைக்கலாம்.

தார்க்கணக்கு:
முன்பணம் தோட்டக்காரருக்குத்தான், அதுதானே ஊர் வழக்கம்?

பாளை வக்கீல்:
வழக்கம் வேற, கோர்ட் வேற. ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவுல கிடைக்கது நிஜமான நஷ்டம் மட்டும். 10 டன் தேறுனா வித்தியாசம் 1,00,000. முன்பணம் கழிச்சு 70,000 கேக்கலாம். நஷ்டமே 20,000-தான்னா, 10,000 திருப்பிக் கொடுக்கணும். தார் பழுக்கட்டும்னு விட்டுட்டு அந்த அழுகலையும் சேர்த்துக் கேட்டா தள்ளிருவாங்க. நஷ்டத்தைக் குறைக்கப் பாத்திருக்கணும். எடைச்சீட்டு, பில், அன்னைக்குச் சந்தை விலைக்கு ஒரு ஆதாரம், மூணையும் பத்திரமா வச்சுக்கோங்க.

தார்க்கணக்கு:
அடுத்த தடவை ஒரு பக்கம் எழுதிருங்க. விலை எடைக்கா, தாருக்கா? வெட்டுக்கூலி, ஏத்துக்கூலி யாரு? கழிவு எவ்வளவு? முக்கியமா, பேசினதுக்கும் வெட்டுறதுக்கும் நடுவுல காத்துல சாஞ்சா யார் தலையில? பெரும்பாலும் சண்டை வாறது இந்தக் கடைசி கேள்வியிலதான், அதைத்தான் யாரும் எழுதுறதில்ல.

களக்காட்டான்:
ஸ்டேஷன்ல புகார் கொடுக்கலாமா?

பாளை வக்கீல்:
பேசும்போதே ஏமாத்துற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டினாத்தான் மோசடி. விலை இறங்கவும் நழுவுனது சிவில். தவறுன நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். அதுக்கு முன்னால மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுத்துப் பாருங்க. அவங்க நடத்துற லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) சமரசம் ஆனா கோர்ட் தீர்ப்பாணை மாதிரியே நிறைவேத்தலாம், அப்பீல் கிடையாது.