ஜவ்வாது மலையில டென்ட் போட இடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, காட்பாடியில இருந்து எழுதுறேன். தம்பிக்கு ஒன்றரை வருஷமா வீட்டுலயே நைட் ஷிஃப்ட். பகல்ல ஜன்னலுக்குக் கறுப்பு லுங்கியைக் கட்டிட்டுப் படுப்பான், தூக்கம் வராது. எரிஞ்சு விழுவான், இல்லன்னா பேச்சே இருக்காது. டாக்டர் குடுத்த மாத்திரை ஓடுது, அதை நிறுத்தப் போறதில்ல.

போன மாசம் லீவு போட வெச்சு ஏலகிரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டென்ட்டுல ஒன்பது மணிக்கெல்லாம் குறட்டை! காலையில அவனே டீ போட்டு எனக்கு நீட்டினான்.

2013-ல கொலராடோ பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு. ஒரு வாரம் மின்விளக்கு இல்லாம முகாம்ல இருந்தவங்களோட உடம்புக் கடிகாரம் (எப்ப தூங்கணும், எப்ப முழிக்கணும்னு உடம்புக்குச் சொல்றது) கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் சீக்கிரத்துக்கு நகர்ந்திருக்கு. எட்டே பேர்தான், ரொம்பவும் நம்பிடக் கூடாது.

இப்ப ஜமுனாமரத்தூர் பக்கம் நாலு நாள் தங்கணும். காட்டுக்குள்ள போக வனத்துறையில யாரைப் பார்க்கணும்? பட்டா நிலத்துல டென்ட் போட விடுவாங்களா? வேலூர்ல டென்ட் வாடகைக்குக் கிடைக்குமா? அம்மாவும் வர்றேன்னு நிக்கிறாங்க, அதனால பாத்ரூம் இருக்கிற இடமா சொல்லுங்க.