பரஃபின் அடுப்பை எடுத்துவிட்டு எதை வைப்பது? விறகா, பெலெற்றா, வார்மெபும்பவா (வெப்பப் பம்பியா)?

புதுவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வசந்தத்தில் ஒஸ்லோ அடுக்குமாடியை விற்று எய்ட்ஸ்வொல்லில் ஒரு தனிவீடு வாங்கினோம். 1974இல் கட்டியது. அங்கே ஸ்தோவ்னர் பகுதியில் இருந்தவரை சூட்டுக்கான காசு மாதக் கட்டணத்தோடு சேர்ந்தே போய்விடும், அதைப் பற்றி யோசித்ததில்லை. இங்கே அறைக்கு அறை பழைய மின் ஹீற்றர்கள். வரவேற்பறையில் ஒரு பெரிய பரஃபின் அடுப்பு நிற்கிறது. 2020இலிருந்து அதில் மண்ணெண்ணெய் எரிக்கத் தடை என்று வீடு விற்றவரே சொன்னார். அதற்கான தாங்கி தோட்டத்தில் மண்ணுக்குள் இருக்கிறதாம். கீழ்த்தளத்தில் இன்னொரு இரும்பு விறகடுப்பு, எந்தக் காலத்தது என்று தெரியவில்லை.

ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து நோர்கெஸ்பிரிஸுக்கு, அதாவது அரசாங்கத்தின் நிலையான கறண்ட் விலைக்கு, மாறிவிட்டேன். இருந்தாலும் இந்த வீட்டில் முதல் குளிர்காலம், பயமாக இருக்கிறது. கையில் 40,000 குரோணர் ஒதுக்கியிருக்கிறேன். வேலையிடத்தில் ஒருவர், மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரிக்கிற பெலெற் அடுப்பு வாங்கு என்கிறார். மச்சான் பயோஎத்தனோல் அடுப்புக்குப் புகைபோக்கியே தேவையில்லை என்கிறார். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் கராஜ் முழுக்க விறகு அடுக்கி வைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். அம்மா எங்களோடு இருக்கிறா, அவவுக்கு ஆஸ்துமா. எதில் காசு உண்மையாக மிஞ்சும்?

குளிர்காய்பவன்:

யோசிக்கவே வேண்டாம், விறகு. நாங்கள் கிறிஸ்தியான்சாண்டில் இருக்கிறோம். 2022இல் புது விறகடுப்பு போட்டோம், அந்தக் குளிர்காலமே கறண்ட் பில் பாதியாகிவிட்டது. வீட்டுக்குள் அந்தச் சூடே தனிச் சுகம்.

போத்ஸ்ஃபியூர் பழசு:

தம்பி, புது வீட்டுக்கு வாழ்த்துகள். நான் 1987இல் ஃபின்மார்க்கில் போத்ஸ்ஃபியூர் மீன் தொழிற்சாலைக்கு வந்து இறங்கியவன். இப்போது ஓய்வூதியத்தில் டிராம்மன் பக்கம் இருக்கிறேன். விறகு கொத்துவது எனக்குக் கோயிலுக்குப் போவது போல வாராந்த வேலை, மனுசி அதைப் பைத்தியம் என்கிறா. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: விறகை விலைக்கு வாங்கி எரித்தால் உமக்கு ஒரு ஓரேயும் மிஞ்சாது.

கிறிஸ்தியான்சாண்ட் தம்பி பொய் சொல்லவில்லை. 2022இல் தெற்கே ஒரு யூனிற் (கிலோவாற் மணி) கறண்ட் மூன்று நான்கு குரோணருக்கு ஏறிய காலம் அது. அரசாங்கம் உதவிப்பணம் தந்தும் சனம் குளிக்கவே யோசித்தது. அந்த விலைக்கு எதை எரித்தாலும் இலாபம்தான். நீர் இப்போது நோர்கெஸ்பிரிஸில் இருக்கிறீர். வரியோடு யூனிற்றுக்கு 50 ஓரே, அதாவது அரைக் குரோணர். அதற்கு மேல் நெற்லையெ, அதாவது கறண்டைக் கம்பி வழியே கொண்டுவருகிற கட்டணம் வரும், எல்லாம் சேர்த்து ஒரு குரோணருக்குப் பக்கத்தில் என்று வையும். இதைத்தான் விறகு வெல்ல வேண்டும்.

கணக்கைப் பாரும். வடிவாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 யூனிற் சூடு இருக்கிறது. பியோர்க் (பேர்ச் மரம்) என்றாலும் கிரான் (ஊசியிலை மரம்) என்றாலும் கிலோவுக்குப் பெரிய வித்தியாசமில்லை. பியோர்க் கனமான மரம், அதனால் ஒரு சாக்கில் கூடக் கிலோ போகும், அவ்வளவுதான் அதன் பெருமை. நல்ல புது அடுப்பு அந்தச் சூட்டில் முக்கால் பங்கை அறைக்குத் தரும். 40 லீற்றர் சாக்கில் 12 கிலோ வரும் என்றால் 36 யூனிற். பெற்றோல் நிலையத்தில் அந்தச் சாக்கு 100 குரோணருக்கு வாங்கினால் யூனிற் 2 குரோணர் 80 ஓரே! 1500 லீற்றர் பெரிய சாக்கை 2000 குரோணருக்கு வீட்டில் இறக்குவித்தாலும் ஏறக்குறைய ஒன்றரைக் குரோணர் வரும். பழைய அடுப்பென்றால் பாதிச் சூடு புகைபோக்கியாலேயே போய்விடும், அப்போது கணக்கு இன்னும் கேவலம்.

பெலெற்றும் கிட்டத்தட்ட அதே கதைதான். கிலோவுக்கு 5 யூனிற்றுக்குக் கொஞ்சம் குறைய, அடுப்பும் திறமானது, 16 கிலோச் சாக்கு 100 குரோணர் என்றால் அதுவும் ஒன்றரைக் குரோணர். அதைவிட, பெலெற்றை உள்ளே தள்ளுகிற திருகும் காற்றாடியும் கறண்டில் ஓடுபவை. கறண்ட் நின்றால் அடுப்பும் நிற்கும். மகளின் சினேகிதி வீட்டில் ஒன்று இருக்கிறது, ரீவி பார்க்கும்போது அந்த உறுமல் எனக்குப் பொறுக்கவில்லை.

மச்சான் சொன்ன பயோஎத்தனோலை மறந்துவிடும். ஒரு லீற்றரில் 6 யூனிற்கூட இல்லை. லீற்றர் 50 குரோணர் என்றால் யூனிற் 8 குரோணருக்கு மேல். புகைபோக்கி இல்லை என்றால் எரிந்து வருகிற ஈரமும் கரியமில வாயுவும் எங்கே போகும்? அம்மா இருக்கிற அறைக்குள்ளேதான். சூடு ஆறாமல் திரும்ப ஊற்றப் போய்க் கை முகம் எரிந்தவர்களும் உண்டு. விருந்துக்கு வருகிறவர்களுக்குக் காட்ட மட்டும்தான் அது.

ஆகவே முதல் 25,000 குரோணரை வார்மெபும்பவில் போடும். காற்றிலிருந்து காற்றுக்குச் சூடு மாற்றுகிற சாதாரணமானது போதும், மேல்தள வரவேற்பறையில். சுழியத்தை ஒட்டிய குளிரில் ஒரு யூனிற் கறண்டுக்கு மூன்று யூனிற் சூடு தரும். சூடு யூனிற்றுக்கு 30, 40 ஓரேதான் விழும். எய்ட்ஸ்வொல்லில் மைனஸ் 20 வருகிற நாட்களில் இரண்டுக்குக் கீழே இறங்கிவிடும், அதுவும் பழைய ஹீற்றரைவிட மோசமில்லை. வடிகட்டியை அடிக்கடி கழுவும், அம்மாவின் மூச்சுக்கும் நல்லது.

அப்படியென்றால் விறகு எதற்கு? இரண்டு விசயத்துக்கு. ஒன்று, மைனஸ் 20 இரவுகளுக்கு. மற்றது, கறண்ட் போகிற நாளுக்கு. 2024இல் எல்லா வீட்டுக்கும் ஒரு சிறு புத்தகம் வந்ததே, ஒரு கிழமைக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆயத்தம் இருக்க வேண்டும் என்று. பும்ப, பெலெற், மின் ஹீற்றர் எல்லாம் அன்றைக்கு வெறும் தளபாடம்.

விறகில் காசு மிஞ்ச வேண்டுமென்றால் அது சும்மா வர வேண்டும். காட்டுக்குச் சொந்தக்காரர் சிலர் சிறு தொகைக்கு, சில நேரம் சும்மாவும், விழுந்த மரங்களை வெட்டி எடுக்க விடுவார்கள். உம்மைப் பரிதாபமாகப் பார்க்கிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கேளும், ஒரு தட்டு வடையோடு போய்க் கேட்டால் இன்னும் நல்லது. இலை துளிர்க்க முன் வெட்டி, உடனே பிளந்து, கோடை முழுக்கக் காற்றோட்டமாக அடுக்கி வைக்க வேண்டும். பியோர்க்கின் தோல் ஈரத்தை வெளியே விடாது, பிளக்காமல் கிடந்தால் உள்ளே உக்கிப்போகும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் எரிக்கலாம், அதை அளக்கிற கருவி சின்ன விலைதான். இந்தக் குளிர்காலத்துக்கு நேரம் போய்விட்டது, பெரிய சாக்கு ஒன்று வாங்கி அளவோடு எரித்துக்கொள்ளும்.

பரஃபின் அடுப்பு நின்ற இடத்தில், அதே புகைபோக்கியில் விறகடுப்பு வைக்கலாமா என்பதை ஃபையர், அதாவது புகைபோக்கியைத் துப்புரவாக்கிப் பரிசோதிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். கொம்யூன் (உள்ளூராட்சி) கட்டணத்தில் அவருக்கு ஏற்கனவே காசு கட்டுகிறீர், கூப்பிட்டுக் கேளும். கீழ்த்தளத்து அடுப்பையும் காட்டும். 1998 நடுவிலிருந்து புதிதாக வைக்கிற அடுப்புகள் புகையை இரண்டாம் முறை எரிக்கிற வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தியதைப் பேர்கனில் 2021இலிருந்து எரிக்கவே விடுவதில்லை. உங்கள் பக்கம் அந்தத் தடை இல்லை, ஆனாலும் ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டில் நான் அதை மூட்ட மாட்டேன்.

மண்ணுக்குள் இருக்கிற தாங்கியைக் கிடப்பில் போட வேண்டாம். அது கசிந்தால் பொறுப்பு இப்போது உம்முடையது. கொம்யூனிடம் விதி என்ன என்று கேட்டு, வெறுமையாக்கித் துப்புரவாக்குவியும்.

மின்கம்பி:

ஐயா சொன்ன கணக்கு சரி. மின் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நெற்லையெயில் ஒரு பகுதி, நீங்கள் எவ்வளவு யூனிற் பாவித்தீர்கள் என்பதை வைத்து வருவதில்லை. மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் ஆகக் கூடப் பாவித்த ஒரு மணித்தியாலத்தை எடுத்து, அவற்றின் சராசரியில் போடுவார்கள். 2022 ஜூலையிலிருந்து இப்படித்தான். நோர்கெஸ்பிரிஸ் எடுத்தவர்களுக்கும் இது உண்டு.

எங்கள் சனத்தின் வீடுகளில் அந்த மணித்தியாலம் எது தெரியுமா? மாலை ஆறு மணி. சோறு, கறி, ஓவன், சுடுநீர், எல்லா ஹீற்றரும், அதோடு காரும் சார்ஜில். அந்தச் சராசரி 10 கிலோவாற்றைத் தாண்டினால் அடுத்த கட்டணப் படிக்கு ஏறிவிடுவீர்கள். விறகடுப்பை ஐந்து மணிக்கு மூட்டி ஹீற்றர்களைக் குறைத்து, காரை இரவுக்கு விட்டாலே படி இறங்கும். வாங்கிய விறகிலும் காசு திரும்பி வருகிற ஒரே இடம் இதுதான்.

வார்மெபும்பவுக்குத் தனி வயரும் தனி உருகியும் போடச் சொல்லுங்கள். நீட்டு வயரில் கொழுவி விடுகிற வேலை வேண்டாம், அப்படி உருகிய செருகிகளை எத்தனையோ வீட்டில் கழற்றியிருக்கிறேன். மிச்சக் காசு இருந்தால் அடுப்புக்கு முன்னம் மேற்கூரையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளில் சுவருக்குள் சூடு காக்கிற கனிமக் கம்பளி 10 சென்ரிமீற்றர்தான் இருக்கும். சுவரை உடைக்க முடியாது, மேலே இன்னும் ஒரு படை போட முடியும்.

புதுவீட்டுக்காரன்:

ஐயா, அக்கா, மிகவும் நன்றி. ஃபையருக்கு மெயில் போட்டுவிட்டேன். பும்பவுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சாம்பிளுக்கு ஒரு கூடை விறகு தந்தார். கீழ்த்தள அடுப்பு பாதுகாப்பானது என்று அவரே பார்த்துச் சொன்னதால் ஒருமுறை மூட்டிப் பார்த்தோம், அம்மா மேலேதான் இருந்தா. நன்றாக எரிந்துகொண்டிருந்தது, திடீரென்று புகை முழுக்க அறைக்குள் வந்து எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. புகைபோக்கி அடைத்திருக்கிறதா?

போத்ஸ்ஃபியூர் பழசு:

ஒரு கேள்வி. அந்த நேரம் மேலே குசினியில் என்ன நடந்தது?

புதுவீட்டுக்காரன்:

மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தா. ஏன்?

போத்ஸ்ஃபியூர் பழசு:

அதுதான் விசயம்! பொரிக்கும்போது குசினிப் புகை இழுக்கிற காற்றாடி முழு வேகத்தில் ஓடியிருக்கும். அது வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கேயிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். ஜன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தால் புகைபோக்கியால்தான் வரும், வரும்போது புகையையும் கொண்டு வரும். அடுப்பு எரிகிற நேரம் காற்றாடியைக் குறைத்து விடும், இல்லாவிட்டால் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடும். ஆனாலும் ஃபையர் வந்து பார்க்கும் வரை இனி மூட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுசனாக இருக்கலாம், அவர் ஃபையர் இல்லை. காபனோரொட்சைட்டு (carbon monoxide) எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி வையும், புகை மணிக்கு அந்த வாயு தெரியாது.

மூட்டுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் அடியில் பன்னாடையைச் செருகி மேலே விறகு வைப்போம். இங்கே தலைகீழ். பெரிய கட்டைகள் அடியில் இடைவெளி விட்டு, சிராய்கள் மேலே, நெருப்பு ஆக மேலே. காற்று வாயை முழுக்கத் திறந்து விடும். புகை கீழேயிருந்து எழும்பும்போது சுவாலைக்குள்ளால் போய் எரிந்துவிடும். பன்னாடைக்குப் பதில் பியோர்க் தோல், ஈரமாக இருந்தாலும் பற்றும்.

இரவு முழுக்கத் தணல் இருக்கட்டும் என்று காற்று வாயை இறுக்கி மூடாதேயும், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். புகைந்து எரிந்தால் புகைபோக்கிக்குள் தார் படியும், ஒரு நாள் அதுவே பற்றிக்கொள்ளும். பற்றினால் காற்று வாயை மூடிவிட்டு எல்லாரையும் வெளியே கொண்டுபோய்த் தீயணைப்புக்கு 110இல் அடியும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வீட்டுக்கு வெளியே வையும். ஆறியதுபோல இருக்கும், அடுத்த நாளும் உள்ளே தணல் கிடக்கும்.

கோடாலி வாங்கிவிட்டீரா? பிளக்கிற கோடாலி வேறு, வெட்டுகிற கோடாலி வேறு. பிளக்கிறதை வாங்கும்.

குளிர்காய்பவன்:

ஐயா, நானும் இரண்டு மாதமாகக் காற்று வாயை மூடித்தான் படுக்கிறேன். நாளைக்கே ஃபையரைக் கூப்பிடுகிறேன்.