தெருவெல் மலைகளில் ஏழு நாள் கிராவல் சைக்கிள் பயணம்: திட்டம் சரியா?

கேள்வி: சமதரைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்பெயினின் அரகோன் பகுதியிலுள்ள தெருவெல் நகருக்குச் சென்று, அங்கிருந்து 'மொன்தான்யாஸ் வாசியாஸ்', அதாவது 'வெறுமையான மலைகள்' என்று பெயரிடப்பட்டுள்ள வட்டப்பாதையில் தனியாக ஓட்டி வர எண்ணியிருக்கிறேன். பாதையின் நீளம் சுமார் 680 கிலோமீட்டர்; எனக்கு விடுப்பு ஏழு நாள். நெதர்லாந்தில் வசிப்பதால் என் பழக்கமெல்லாம் கால்வாய்க் கரைகளில்தான். ஒரே நாளில் 130 கிலோமீட்டர் ஓட்டியதுண்டு. ஆனால் மலையில் ஓட்டிய அனுபவம் இல்லை.

என்னிடம் 40 மில்லிமீட்டர் டயர் பொருத்திய கிராவல் சைக்கிள், அதாவது மண், சரளைப் பாதைகளுக்கான சைக்கிள், இருக்கிறது. அது போதுமா? உணவையும் தண்ணீரையும் எவ்வளவு சுமக்க வேண்டும்? கூடாரம் எடுத்துச் செல்வதா, ஊர்களில் அறை எடுத்துத் தங்குவதா? அந்தப் பைன் காடுகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: வலென்சியாவாசி

வணக்கம் நண்பரே. நான் வலென்சியாவில் வசிக்கிறேன். இந்த மலைகளுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஏழு நாளில் 680 கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்குத் தொண்ணூற்றேழு. கால்வாய்க் கரையில் அது ஓர் உற்சாகமான நாள். இங்கே காலை முதல் இருட்டும் வரை தலை நிமிராமல் மிதிக்க வேண்டிய நாள். பாதை பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்கு மேலேயே கிடக்கிறது. ஓர் ஏற்றம் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். முழு வட்டத்தை இன்னொரு விடுப்புக்கு ஒதுக்கிவிட்டு, மேற்குப் பகுதியான அல்பர்ராசின் மலைத்தொடரையும் மொன்தெஸ் உனிவெர்சாலெஸ் மலைகளையும் மட்டும் இம்முறை பாருங்கள் என்பதே என் ஆலோசனை. முந்நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நின்று பார்க்கவும் நேரம் இருக்கும்.

நீங்கள் கேட்டவற்றுள் உணவைப் பற்றிய கேள்விதான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. ஏற்றத்தைக் கால்கள் பழகிக்கொள்ளும். திறந்திருக்கும் கடைக்கும் அடுத்த திறந்திருக்கும் கடைக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நாம் முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். தெருவெல் மாகாணத்தின் பரப்பு 14,800 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ ஒன்றரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை, அவர்களிலும் கால்வாசிக்கு மேற்பட்டோர் மாகாணத் தலைநகரான தெருவெல் நகரிலேயே இருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டில் மலையூர்க்காரர்கள் வேலை தேடி வலென்சியாவுக்கும் பார்சலோனாவுக்கும் சரகோசாவுக்கும் இறங்கிப் போனார்கள், பலர் திரும்பவில்லை. 'தெருவெலும் இருக்கிறது' என்று பொருள்படும் பெயரோடு 1999-இல் ஓர் இயக்கமே தோன்றியது. 2019 தேர்தலில் அது நாடாளுமன்றத்தின் கீழவையில் ஓர் இடத்தையும் பெற்றது. நீங்கள் ஓட்டப்போகும் பாதையின் அமைதிக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. காலியான வீடுகளின் பூட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த அமைதி முழு மகிழ்ச்சியாக ஒருபோதும் இருந்ததில்லை.

நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், சிற்றூரில் ஒரே ஒரு மதுக்கடையும் உணவகமும் சேர்ந்த 'பார்' இருக்கும்; அது வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, மூடியிருக்கும். கடைகள் பிற்பகல் இரண்டு மணிக்கு அடைத்தால் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். முதல் பயணத்தில் இது தெரியாமல் ஒரு திங்களன்று பிஸ்கட்டை மட்டும் தின்று படுத்தேன். மறுநாள் காலை பத்து மணியளவில் ஊர்ச் சதுக்கத்தில் விடாமல் ஹாரன் ஒலித்தது. எங்கிருந்தோ ஏழெட்டு முதியவர்கள் துணிப்பையுடன் வந்து சேர்ந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ரொட்டி வேன் வந்திருந்தது. பின்கதவைத் திறந்ததும் வந்த சூட்டையும் மணத்தையும் இன்னும் மறக்கவில்லை. இரண்டு நீள ரொட்டிகளைக் கைப்பிடியில் குறுக்கே கட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஊருக்கு வேன் வரும் கிழமையும் நேரமும் அங்குள்ள எவருக்கும் தெரியும். மாலையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் 'முல்திசெர்விசியோ' என்ற பலகையைக் காண்பீர்கள். கடை, பார், சில இடங்களில் தங்கும் அறையும் ஒரே கட்டடத்தில் இருக்கும். ஊரில் கடைசிக் கடையும் மூடிவிடக் கூடாது என்பதற்காகவே நடத்தப்படும் ஏற்பாடு அது. உங்களிடம் பைநிறையச் சாப்பாடு இருந்தாலும் அங்கே நின்று ஒரு காப்பியாவது குடியுங்கள்.

மறுமொழி: இரும்புக்குதிரை

தங்கும் இடத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

40 மில்லிமீட்டர் டயரில் போக முடியும், ஆனால் ஏழு நாளும் கைகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஃபிரேமில் இடம் இருந்தால் 45 அல்லது 50 போட்டுக்கொள்ளுங்கள், உள்டியூப் இல்லாத 'டியூப்லெஸ்' கட்டாயம். ஒரிவெலா தெல் த்ரெமெதால் ஊரைச் சுற்றிக் 'கல் ஆறுகள்' என்று அழைக்கப்படும் பாறைப் பரப்புகள் உள்ளன. பனியுகக் குளிரில் உடைந்த குவார்ட்சைட் பாறைகள் சரிவில் ஆறுபோலக் கிடக்கின்றன. அந்தக் கல்லின் விளிம்புகள் கூர்மையானவை. அல்பர்ராசினுக்கு அருகிலுள்ள ரொதெனோ பைன் காட்டிலோ செம்மணற்கல். அங்கே தரை கடினமாகவும் பிடிப்பாகவும் இருந்து திடீரென்று ஆழமான மணலாக மாறிவிடும். கியரைப் பொறுத்தவரை, முன்னால் உள்ள பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஓட்டுபவர்கள் இதைத்தான் தவறாகக் கணிக்கிறார்கள். பையில் பத்துக் கிலோ ஏறியதும் ஏற்றத்தின் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது.

சேற்றைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். அரைமணி நேரம் மழை பெய்தால் போதும், களிமண் பாதைகளில் சக்கரம் சுழலாது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்: இருநூறு மீட்டர் தூரத்துக்குள் சிவந்த களிமண்ணும் பைன் ஊசிகளும் சேர்ந்து செங்கல் போல இறுகி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொண்டன. பைன் குச்சியால் குடைந்து எடுத்துவிட்டுப் பத்தடி தள்ளினேன், மறுபடி அடைத்தது. அந்த நிலையில் ஆத்திரத்தில் பெடலை அழுத்தினால் சங்கிலியைக் கியர் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டான ஹேங்கர் உடையும். உங்கள் வண்டிக்குரிய ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வழியில் சைக்கிள் கடை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். மழை நின்றபின் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தாலே காற்றும் வெயிலும் பாதையை ஓரளவு உலர்த்திவிடும்.

தொடர்ந்து மழையென்றால் மலையை விட்டுவிட்டு ஓஹோஸ் நெக்ரோஸ் பசுமை வழிக்கு மாறிவிடுங்கள். இரும்புத் தாதுவைச் சுரங்கத்திலிருந்து மத்திய தரைக்கடலோரச் சகுந்தோவுக்கு ஏற்றிச் சென்ற பழைய ரயில் தடம் அது. சுமார் 160 கிலோமீட்டர் நீளம், சுரங்க வழிகளும் வளைவுப் பாலங்களும் உண்டு. ரயிலுக்காக அமைத்த தடமாதலால் சரிவு மிதமாகவே இருக்கும். தெருவெலிலிருந்து எஸ்கந்தோன் கணவாய் வரை ஏறிவிட்டால் அதன்பின் பெரும்பகுதி இறக்கம்தான்.

சமதரைக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. முழு வட்டத்தைக் கைவிட்டு மேற்குப் பகுதியையே ஓட்டுவதாக முடிவு செய்துவிட்டேன். 45 மில்லிமீட்டர் டயருக்கும் சொல்லிவிட்டேன். காட்டில் கூடாரம் அடிப்பது, ஊற்றுத் தண்ணீரைக் குடிப்பது, விலங்குகள் ஆகியவை பற்றி இன்னும் தெளிவு வேண்டும்.

மறுமொழி: ஊசியிலை

நான் ஒவ்வோர் இலையுதிர்காலமும் காளான் பறிக்க அந்தப் பக்கம் செல்பவள் என்பதால் இதற்குப் பதில் சொல்கிறேன்.

ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் சதுக்கத்தில் ஒரு நீரூற்றுக் குழாய் இருக்கும். 'நோ பொதாப்லெ' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. குளோரின் சேர்க்காத நீர் என்று எழுதியிருந்தால் சிறு வடிகட்டி வழியே குடிக்கலாம். காட்டு ஊற்றுகள் பல கோடையின் இறுதியில் வற்றிப்போயிருக்கும். வரைபடத்தில் நீலப்புள்ளி இருப்பதை நம்பி ஊரிலிருந்து காலிப் புட்டியோடு கிளம்பாதீர்கள். மூன்று லிட்டர் என் கணக்கு.

குளிரைக் குறைவாக எண்ண வேண்டாம். இதே மாகாணத்தின் கலமோச்சாவில் 1963 டிசம்பரில் உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி பதிவாகியிருக்கிறது. அக்டோபரில் அவ்வளவு இராது. ஆனால் பிற்பகலில் அரைக்கைச் சட்டையில் ஓட்டியவர் அதிகாலையில் கூடாரத்தின் மேல் உறைபனியைத் தட்டிவிட நேரலாம். காலை எட்டு மணிக்கு அருகில்தான் விடிகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். க்ரியேகோஸ் 1,600 மீட்டரிலும் ப்ரொன்சாலெஸ் அதற்குச் சற்றுக் கீழேயும் இருக்கின்றன. அந்த உயரங்களில் தங்கும் இரவுகளுக்கு அறையே நல்லது. அக்டோபர் 12 தேசிய விடுமுறை. சரகோசாவின் பிலார் திருவிழாவும் அப்போதே. அதை ஒட்டிய நாள்களில் அறை கிடைப்பது அரிது.

கூடாரம் அடிக்கும் விதிகள் அரகோனிலும், எல்லை தாண்டினால் வரும் கஸ்தில்யா-லா மஞ்சாவிலும் ஒன்றல்ல. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அடியுங்கள். ஆனால் நெருப்பைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை: மூட்டவே மூட்டாதீர்கள். 2005 ஜூலையில், இந்த மலைகளுக்கு மேற்கே குவதலஹாரா மாகாணத்தில், சுற்றுலா வந்தவர்கள் இறைச்சி சுடுவதற்கு மூட்டிய நெருப்பு காட்டில் பரவியது. அதை அணைக்கச் சென்ற 11 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பகுதிக்காரர்களிடம் அடுப்பைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

விலங்குகளைப் பொறுத்தவரை, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை செம்மான்களின் இணைசேர் காலம். இருட்டியதும் ஆண்மான்கள் கத்தத் தொடங்கும். அதை மான் குரல் என்று முதல் இரவில் யாரும் நம்ப மாட்டார்கள். பழைய மரக்கதவைக் கீல் முனக இழுப்பதுபோல் ஆரம்பித்து, அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலாக முடியும். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். அஞ்ச வேண்டாம், கிட்டே போகவும் வேண்டாம். வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும்; பாதை முகப்பில் 'பதீதா' என்ற எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள், பளிச்சென்ற நிறத்தில் மேற்சட்டை அணியுங்கள். ஆட்டுமந்தைக்குக் காவலாகப் பெரிய மஸ்தின் நாய்கள் வரும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் இடையில் வைத்துக்கொண்டு, அமைதியாகப் பேசியபடி மந்தையைச் சுற்றி நடந்து கடந்து செல்லுங்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது. குவதலவியார் ஊரின் இடையர் குடும்பங்களில் சிலர் இன்றும் குளிர்காலத்துக்குத் தெற்கே சியெர்ரா மொரேனா பக்கம் மந்தையை நடத்திச் செல்கிறார்கள். அந்த வாழ்க்கைக்கென்றே அவ்வூரில் ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு.

மறுமொழி: வலென்சியாவாசி

முடிவு செய்துவிட்டீர்கள் என்பதால் வரிசையை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெருவெலிலிருந்து அல்பர்ராசின், மறுநாளைத் தொடங்கும்போது ரொதெனோ காட்டுக்குள் ஒரு சுற்று. செம்பாறைகளின் அடியில் வரலாற்றுக்கு முந்தைய காளை ஓவியங்கள் இருக்கின்றன, 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். பிறகு ஃப்ரியாஸ் ஊர் வழியாகத் தாஹோ ஆற்றின் பிறப்பிடம். லிஸ்பனில் அட்லாண்டிக்கைச் சேரும் அந்த ஆறு அங்கே ஒரு புல்வெளி ஈரமாகத்தான் தொடங்குகிறது. அதே மலைகளில் பிறக்கும் குவதலவியார் ஆறோ எதிர்த்திசையில் இறங்கி, தூரியா என்ற பெயரில் என் ஊருக்கு வந்து மத்திய தரைக்கடலில் கலக்கிறது. அங்கிருந்து குவதலவியார் ஊர், க்ரியேகோஸ், ஒரிவெலா, ப்ரொன்சாலெஸ், மீண்டும் அல்பர்ராசின்.

பாதையின் வரைபடத் தடமான ஜி.பி.எக்ஸ். கோப்பைக் கைப்பேசியிலும் இறக்கி வையுங்கள். காட்டில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. ஊருக்கு வெளியே சாலையில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம், அவசர எண் 112. தாஹோவின் பிறப்பிடத்துக்கு எந்தக் கிழமை போகிறீர்கள் என்று தெரிந்ததும் எழுதுங்கள். ஃப்ரியாஸில் அன்று பார் திறந்திருக்குமா என்று தொலைபேசியில் கேட்டுச் சொல்கிறேன்.