எவரெஸ்ட் ஏறுவோர் ஏன் பலமுறை ஏறி இறங்குகிறார்கள்?

குறிஞ்சிநிலம் (வினா):
எவரெஸ்ட் ஏறச் செல்வோர் ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமை அடைந்த பின்னும் நேராக உச்சிக்குப் புறப்படுவதில்லை. கும்பு பனியாற்றைக் கடந்து மேல் முகாம்களில் ஓரிரு இரவு தங்கிவிட்டு மீண்டும் இறங்கிவிடுகிறார்கள். வாரக்கணக்கில் இதுவே நடக்கிறது. உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் விழுக்காடு குறைவதால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது என்றுதான் நான் படித்திருக்கிறேன். அவ்வளவுதான் என்றால், ஓரிடத்தில் காத்திருந்தாலே போதாதா? தடித்துப்போன இரத்தம் கெடுதல் செய்யாதா?

பனித்தடம்:
முதலில் ஒரு திருத்தம். உச்சியிலும் ஆக்சிஜனின் விழுக்காடு 21தான். குறைவது காற்றின் அழுத்தம். 1981இல் கிறிஸ் பிசோ என்ற அமெரிக்க மருத்துவர் எவரெஸ்ட் உச்சியிலேயே அதை அளந்தபோது 253 மி.மீ. பாதரசம் இருந்தது, கடல்மட்டத்தில் அது 760.

இந்தக் குறைவுக்கு உடல் தரும் முதல் விடை இரத்தமன்று, மூச்சு. கழுத்துத் தமனிகள் கிளைபிரியும் இடத்திலுள்ள சிறு உணர்முடிச்சுகள் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து சுவாசத்தை விரைவுபடுத்துகின்றன. ஆனால் மிகுதியாக மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிவிடுவதால் இரத்தம் காரத்தன்மை அடைகிறது, அதுவே சுவாசத்துக்குத் தடையாகவும் அமைகிறது. சிறுநீரகங்கள் இரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருளைக் கழித்து வெளியேற்றச் சில நாட்கள் ஆகும். அதன் பின்னரே அந்தத் தடை தளர்கிறது. மலையேறுவோர் விழுங்கும் அசிட்டசோலமைடு மாத்திரை செய்வதும் இந்த வேலையை விரைவுபடுத்துவதே. உச்சியில் பிசோவின் நுரையீரல் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 7.5 மி.மீ. மட்டுமே இருந்தது, நம் போன்றோருக்கு அது 40. எவ்வளவு கடுமையாக மூச்சிரைத்திருப்பார் என்பதை அந்த எண்ணே சொல்லும்.

முதல் சில நாட்களில் ஹீமோகுளோபின் அடர்த்தி கூடுவது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றுவதால் ஏற்படுவது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் ஓரிரு நாட்களிலேயே உயர்ந்தாலும், புதிய சிவப்பணுக்கள் போதுமான அளவில் சேர வாரங்கள் ஆகின்றன.

நெடுமலை:
இரண்டாவது ஐயம் மிகச் சரியானது. ஆண்டிஸ் மலைவாழ் மக்களிடம் ஹீமோகுளோபின் அளவுகடந்து கூடுவதால் தலைவலி, மூச்சுத்திணறல், இதயக் கோளாறு ஆகியவை தோன்றுவதுண்டு. பெரு நாட்டின் கார்லோஸ் மோங்கே அதை விவரித்ததால் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. திபெத்தியரும் ஷெர்ப்பாக்களுமோ அதே உயரத்திலும் ஹீமோகுளோபினை அவ்வளவாகப் பெருக்கிக்கொள்வதில்லை. இதற்குத் துணைசெய்யும் மரபணு வடிவம் ஒன்று டெனிசோவன் என்னும் பண்டைய மனித இனத்திலிருந்து அவர்களுக்கு வந்தது. ஆகவே, சிவப்பணு கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டியிருக்கிறது.

பனித்தடம்:
காத்திருத்தல் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அடிவார முகாமிலேயே அமர்ந்திருந்தால் உடல் அந்த உயரத்துக்கு மட்டுமே பழகும். இன்னும் மேலே பழக, மேலே போய்த்தான் ஆக வேண்டும். அங்கேயே தங்கிவிடலாமே என்றால், ஏறத்தாழ 5,500 மீட்டருக்கு மேல் பசி மந்தமாகித் தசை கரைகிறது, புண் ஆறுவதில்லை, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. உடல் பழகுவதும் நலிவதும் ஒருங்கே நடப்பதால், மேலே சென்று தூண்டுதல் பெற்றுக் கீழே வந்து தேறிக்கொள்கிறார்கள். 3,000 மீட்டரைக் கடந்த பின் உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற விதியும் இதையொட்டியதே.

8,000 மீட்டருக்கு மேல் பழகுதல் என்பதே கிடையாது. சேர்த்த கையிருப்பைச் செலவழிப்பது மட்டுந்தான். 2007இல் 8,400 மீட்டரில் நால்வரின் தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சராசரியாக 24.6 மி.மீ.; இங்கே மருத்துவமனையில் அந்த அளவோடு ஒருவர் வந்தால் மருத்துவர்கள் பதறிவிடுவார்கள்.

குறிஞ்சிநிலம்:
நன்றி. அப்படியானால், பழகாத ஒருவரை நேராக அவ்வுயரத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்?

நெடுமலை:
1875இல் அது நடந்தேவிட்டது. செனித் என்ற பலூனில் ஏறிய மூன்று பிரெஞ்சுக்காரர்கள் சில மணி நேரத்தில் 8,000 மீட்டரைத் தாண்டினார்கள். ஆக்சிஜன் பைகள் கையெட்டும் தொலைவில் இருந்தும், அவற்றை எடுக்கக் கை எழவில்லை. இருவர் இறந்தனர், டிசாண்டியே மட்டும் பிழைத்தார். ஆனால் 1978இல், உடலைப் பழக்கிக்கொண்ட மலையேறிகளான மெஸ்னரும் ஹேபெலரும் அதைவிடவும் உயரமான எவரெஸ்ட் உச்சியை ஆக்சிஜன் உருளை இன்றி நடந்தே அடைந்தார்கள்.